பெட்டிக்கு ஒரு சாட்சி போதாது

இரண்டு இயந்திரங்களை ஒரே அமர்வில் இறைவன்மேல் ஈமான் கொள்ள வைத்தவர் இந்த உலகத்தில் தாம் ஒருவர்தான் என்று மொகுதூம் நெய்னா சொல்லிக்கொண்டு திரிந்தார். அதுவும் மேடையேறிப் பயான் செய்து அல்ல, துண்டறிக்கை கொடுத்து அல்ல. ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் நடுவில், கழுத்தில் மல்லிகை மாலையும் தலையில் சரிகைத் தொப்பியுமாக, அறுபத்தாறு வயது மாப்பிள்ளையாகச் சும்மா உட்கார்ந்திருந்தாராம். பெட்டிகள் இரண்டும் தாமாகவே வழிக்கு வந்தனவாம்.

வெளியூரில் இதைச் சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். தோணிப்பட்டினத்தில் எல்லோரும் நம்பினார்கள். பிறை பார்த்த தகராறில் ஒரே வருஷத்தில் நான்கு நோன்புப் பெருநாள் கொண்டாடி, நான்குமே சரி என்று நம்பிய ஊர் அது. அதற்கு இது எம்மாத்திரம்? நம்பாமல் நின்றவர் ஒருவர்தான். நெய்னாவின் தங்கை கணவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இத்ரீஸ் மாஸ்டர். அந்த இரண்டில் பள்ளிவாசல் பெட்டியைக் காப்பவரே அவர்தான் என்பதால், அந்த ஒருவர் நம்பாதது நெய்னாவுக்குத் தொண்டையில் சிக்கிய மீன் முள்ளாக இருந்தது.

நெய்னா முப்பத்தெட்டு வருஷம் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர். பதினைந்து நொடிக்கு ஒருமுறை வெளிச்சம் வீசும் விளக்கோடு அத்தனை காலம் குடித்தனம் நடத்தி, கடைசியில் மனிதரும் விளக்காகிவிட்டார். நாலு பத்துக்கு டீ. நாலு முப்பதுக்குக் கடற்கரை. அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துத்தான் பள்ளிவாசல் கடிகாரத்தைத் திருத்துவார்கள். ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்தபோது மாலை பஸ் கிளம்பவில்லை, அலை கரைக்கு வரவில்லை என்றெல்லாம் சொல்வார்கள். பஸ் விஷயம் உண்மை.

இவ்வளவு ஒழுங்கான மனிதருக்கு ஒரே ஒரு குறை. வஸ்வாஸ் என்கிற ஓயாத சந்தேகம். தொழுகைக்கு முன் ஒளூ செய்யும்போது கையை மூன்று முறை கழுவுவார். மூன்றா இரண்டா என்று சந்தேகம் வரும். முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர் எழுந்து போகும்போது ஹவுள் தொட்டியில் தண்ணீர் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும். தொழுகைக்குக் கையை உயர்த்துவார், நிய்யத்தை, அதாவது மனதின் எண்ணத்தை, சரியாக வைத்தோமா என்று யோசிப்பார், கையை இறக்குவார், மறுபடி உயர்த்துவார். அதற்குள் இமாம் குனிந்து ருகூவுக்குப் போய்விட்டு வந்திருப்பார். வேலையில் இருந்த நாளில் விளக்கை ஏற்றிவிட்டு இருநூற்றுப் பன்னிரண்டு படி இறங்கி வந்து, ஏற்றினோமா என்று பார்க்க மறுபடி ஏறியவர். வெளிச்சம் முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஏறினார்.

மனைவி மவுத்தாகி ஒன்பது வருஷம் கழித்து அவர் இரத்த அழுத்தம் பார்க்க மிஸ்ரியாவிடம் போனார். மிஸ்ரியா அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். ஊருக்கு மிஸ்ரியா சிஸ்டர். ஐம்பத்தொன்பது வயது, கணவர் போய்ப் பன்னிரண்டு வருஷம், நாக்கு மட்டும் பதினெட்டு வயது. நெய்னா பார்த்துவிட்டு வந்தார். பார்த்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்தது. மறுபடி போனார். அந்த மாதத்தில் மட்டும் நாற்பது முறை போனார்.

"முதல் பார்வை மன்னிக்கப்பட்டதுதான், நெய்னா. நீரு நாற்பது பார்த்திருக்கீரு," என்றார் பள்ளிவாசல் இமாம் அபூதாஹிர் ஹஜரத். "பேசாம நிக்காஹ் பண்ணிக்கிரும்."

அங்கேதான் பெட்டி குறுக்கே வந்தது.

ஊரில் தலாக் பெருகிப்போய், மூன்று வருஷத்துக்கு முன் ஜமாஅத் அதை வாங்கிப் பள்ளிவாசல் அலுவலகத்தில் வைத்தது. கைக்கடிகாரம், போன், தெருக் கேமரா, நாடித்துடிப்பு எல்லாவற்றையும் அரைத்துக் குடித்துவிட்டு, ஓர் ஆள் நாளைக்கு என்ன செய்வான் என்று சொல்லும். ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு சரியாக இருக்கும். ஜோசியம் ஹராமாயிற்றே என்று கமிட்டி தயங்கியபோது, விற்க வந்தவர் சுவரில் மாட்டியிருந்த தொழுகை நேர அட்டவணையைக் காட்டினார். "இது ஜோசியமா? கணக்குதானே? அதுவும் கணக்குதான். சூரியனுக்குப் பதிலா மனுசன்." கமிட்டி கையெழுத்துப் போட்டது. அன்று முதல் எந்த நிக்காஹுக்கும் பெட்டியின் தாள் வேண்டும். முப்பத்தொரு ஜோடிக்குத் தாள் கிடைக்கவில்லை. அவர்கள் சேர்ந்து வாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள்தான் சேரவே இல்லையே. அந்த முப்பத்தொன்றில் ஒருத்தி இத்ரீஸ் மாஸ்டரின் மகள். மறுப்புத் தாளை மாஸ்டர் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு பெட்டி தப்பு என்று யாராவது சொன்னால் அவருக்குக் கண் சிவந்துவிடும்.

நெய்னாவுக்கு வந்த தாளில் ஒரே ஒரு வரி இருந்தது. 'நிக்காஹ் சபையில் மணமகன் கபூல் சொல்ல மாட்டார்.' கபூல், அதாவது 'ஏற்றேன்' என்கிற அந்த ஒரு வார்த்தை இல்லாமல் நிக்காஹ் இல்லை.

நெய்னா சிரித்தார். "நானா? ஒருத்தி வாசல்ல நாற்பது தடவை போய் நின்ன நானா? மாஸ்டரு மச்சான், உன் பெட்டிக்குக் காய்ச்சல். நான் கபூலை நூறு தடவை சொல்லுவேன்."

"நூறு வேணாம், ஒண்ணு போதும். அதைத்தான் சொல்ல மாட்டேங்குது."

"சொல்ல மாட்டேன்னு அது சொன்னதுக்காகவே சொல்லுவேன்யா!"

"அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கு, மச்சான்." இத்ரீஸ் மாஸ்டர் சாக்பீஸ் இல்லாத கையைக் கரும்பலகை இல்லாத சுவரில் ஆட்டினார். "ஒருத்தன்கிட்ட நீ டீ குடிப்பேன்னு சொன்னா வீம்புக்குக் காப்பி குடிப்பான். இது ஆரம்பத்துல இருந்தே தெரிஞ்ச சங்கதி. அதனால பெட்டி என்ன பண்ணும்? காதுல விழுந்த பிறகும் மாறாத பதில் எதுவோ, அதைத் தேடிப் பிடிச்சு அதை மட்டும்தான் வெளிய சொல்லும். நீ கேட்டாச்சு. இனி வீம்பு பண்ணினாலும் அதுதான், பண்ணாட்டாலும் அதுதான்."

"அப்ப நான் எதுக்கு? பெட்டியையே மாப்பிள்ளையா உக்கார வையேன்."

சொல்லிவிட்டு வந்தாரே தவிர, வீட்டுக்குள் நுழைந்ததும் நெய்னா அந்தச் சபையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். சபையில் ஹஜரத் கேட்பார். நான் வாயைத் திறப்பேன். அந்த நேரம் பார்த்து நினைப்பு வரும்: நான் கபூல் சொல்வது மிஸ்ரியா மேல் உள்ள விருப்பத்தாலா, பெட்டியைப் பொய்யாக்கும் வீம்பாலா? வீம்பால் சொன்னால் அது கபூலா? நிய்யத் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்த்தோமா என்று மறுபடி பார்ப்பேன். பிரியாணி சட்டியில் புழு வைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன்.

பெட்டி கெட்டிக்காரத்தனம் எதுவும் செய்யவில்லை. அவருடைய வஸ்வாஸில் ஒரு கல்லைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டது.

மிஸ்ரியாவிடம் தாளைக் காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"இந்த ஊர்ல பாதிப் பேரை நான்தான் வெளிய இழுத்துப் போட்டேன்," என்றார். "எவன் எப்ப வருவான், தலை முன்னாடியா கால் முன்னாடியான்னு எந்தப் பெட்டியும் எனக்குச் சொன்னதில்லை. அதனால பெட்டியைப் பத்தி எனக்குப் பயமில்லை. உங்களைப் பத்தித்தான் பயம்."

"நான் சொல்லிருவேன், மிஸ்ரியா."

"சொல்லாட்டி? நானூறு பேர் முன்னாடி, இந்த வயசுல, கைல மருதாணியோட திரைக்குப் பின்னாடி நான் உக்காந்திருப்பேன். நீங்க உக்காந்து நிய்யத்தைத் துடைச்சுக்கிட்டு இருப்பீக. அதுக்கப்புறம் நான் இந்தத் தெருவுல நடக்கணும்ல? முதல் மாப்பிள்ளையைக் கபன் துணி சுத்தி அனுப்பினேன். ரெண்டாவது மாப்பிள்ளை உயிரோட எந்திரிச்சுப் போனான்னு பேர் வேணாம் எனக்கு." தாளை மடித்து நெய்னாவின் சட்டைப் பையில் வைத்தார். "வேற தாள் கொண்டுவாங்க. இல்லாட்டி இரத்த அழுத்தத்துக்கு வேற ஆளைப் பாருங்க."

நெய்னா நேரே ஹஜரத்திடம் ஓடினார். ஹஜரத் வராண்டாவில் சாய்வு நாற்காலியில், கிதாபை மார்பில் கவிழ்த்துவைத்து அரைத் தூக்கத்தில் இருந்தார். அவருடைய ஆராய்ச்சி பெரும்பாலும் அந்த நிலையில்தான் நடக்கும்.

"ஹஜரத், எல்லாம் எழுதி வெச்சாச்சுன்னா நான் எதுக்குக் கெடந்து தவிக்கணும்?"

"தவிக்கிறதும் எழுதியிருக்கும்," என்றார் ஹஜரத் கண்ணைத் திறக்காமல்.

"விளையாடாதீக. அல்லாஹ்வுக்கும் நாளைக்கு நான் என்ன செய்வேன்னு தெரியும். பெட்டிக்கும் தெரியும். அவனுக்குத் தெரியுறப்ப எனக்கு மூச்சு முட்டல. பெட்டிக்குத் தெரியுறப்ப முட்டுதே, ஏன்?"

ஹஜரத் ஒரு கண்ணைத் திறந்தார். இருபது வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது; வழக்கமாகக் கேட்பதெல்லாம் நோன்பில் பல் விளக்கலாமா என்பதுதான்.

"அவன் எழுதி மூடி வெச்சிட்டான்யா. வானத்துலேர்ந்து எந்த மலக்கையும் அனுப்பி, 'ஏ நெய்னா, நாளைக்கு நீ வாய மூடிக்கிட்டு இருப்பே'ன்னு உம்ம காதுல சொல்லச் சொல்லல. தெரிஞ்சும் சொல்லாம இருக்கான் பாரும், அந்தச் சந்துலதான் நாம எல்லாம் குடியிருக்கோம். உங்க பெட்டிக்கு அந்த மரியாதை தெரியல. எழுதுறதை உரக்கப் படிக்குது."

"அப்ப அதை வாயை மூடச் சொல்லுங்க."

"கமிட்டி தீர்மானம்ல? நான் சம்பளக்காரன்யா," என்று ஹஜரத் கண்ணை மூடிக்கொண்டார்.

நெய்னா எழுந்தார். நாலு அடி நடந்தார். திரும்பி வந்தார். விஷயம் தெரியாதவர்கள் அதை வஸ்வாஸ் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கண்ணில் வேறு வெளிச்சம்.

"ஹஜரத், போன வருஷம் நிலாவுல வேலை பார்க்குற நம்ம கப்பக்காரத் தெரு உவைஸு, பெருநாளைக்கு முந்தி போன் பண்ணினானே? 'நான் பிறை மேலதான் நிக்கிறேன், பிறை பிறந்தாச்சு'ன்னு. கமிட்டி என்ன சொல்லுச்சு?"

ஹஜரத் இரண்டு கண்ணையும் திறந்தார். "நீ ஒரு சாட்சிதானே, ரெண்டாவது ஆள் யாருன்னு கேட்டுச்சு."

"பிறை மேல நின்னவனோட சாட்சியே ஒத்தைன்னு தள்ளுபடி. அப்ப பெட்டி?"

ஹஜரத்தின் மார்பிலிருந்து கிதாபு கீழே விழுந்தது.

அன்று அஸருக்குப் பிறகு கமிட்டி கூடியது. ஒற்றைச் சாட்சி செல்லாது என்று ஊரை நாலாகப் பிளந்த மனிதர்கள், ஒற்றைப் பெட்டி செல்லும் என்று எந்த வாயால் சொல்வார்கள்? வடக்கு வாடி ஜமாஅத்திடமும் அதே மாதிரி பெட்டி ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கத் தீர்மானமாயிற்று. நிக்காஹின் இரண்டு சாட்சியும் ஒரே சபையில் இருந்து, ஒரே நேரத்தில் காதால் கேட்க வேண்டும் என்பது சட்டம். அதனால் இரண்டு பெட்டியும் நிக்காஹ் மேடையிலேயே, அருகருகே, ஒன்று பேசுவது மற்றதன் காதில் விழும்படி உட்கார வேண்டும் என்று ஹஜரத் சேர்த்துவிட்டார். இரண்டும் ஒன்றுபோல 'மாட்டார்' என்றால் நிக்காஹ் நின்றுபோகும். இல்லாவிட்டால் ஹஜரத் கேள்வியைக் கேட்பார்.

"ஒரே கம்பெனி, ஒரே கணக்கு," என்று இத்ரீஸ் மாஸ்டர் தோளைக் குலுக்கினார். "ரெண்டு என்ன, இருபது வெச்சாலும் ஒரே பதில்தான். மச்சான், நீ ரெண்டு தடவை அசிங்கப்படப் போறே."

மிஸ்ரியாவுக்கு ஆள் போயிற்று. மருதாணியைக் கரைத்துக்கொண்டே அவர் சொல்லி அனுப்பினாராம்: "ஒரே ஒரு தடவைதான் உக்காருவேன். ரெண்டாந்தடவை கிடையாது."

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நானூறு பேர் என்பது அழைப்பு. வந்தது நாலாயிரம் என்று நெய்னா சொல்வார். மேடையில் நெய்னா, எதிரே ஹஜரத், பக்கத்தில் நிக்காஹ் பதியும் தஃப்தர். இரண்டு பக்கமும் இரண்டு பெட்டிகள். யாரோ அவற்றுக்கும் அத்தர் பூசியிருந்தார்கள். பின்னால் பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் மிஸ்ரியா. நெய்னாவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

இத்ரீஸ் மாஸ்டர் பித்தானை அழுத்தினார்.

"கபூல் சொல்ல மாட்டார்," என்றது பள்ளிவாசல் பெட்டி.

சபை முனகியது. வடக்கு வாடிப் பெட்டி அதைக் கேட்டுக்கொண்டது. கேட்ட நெய்னாவின் நாடியையும் கேட்டுக்கொண்டது.

"கபூல் சொல்வார்."

பள்ளிவாசல் பெட்டிக்கு இப்போது புதுச் செய்தி. தான் சொன்னது பொய்யாகப் போகிறது. திருத்திக்கொண்டது. "சொல்வார்."

அதைக் கேட்டதும் மற்றது, இரண்டு பேர் ஒன்றாகச் சொன்னால் இந்த மனிதர் கலங்கிவிடுவார் என்று கண்டுகொண்டது. "மாட்டார்."

"சொல்வார்."

"மாட்டார்."

"மாட்டார்."

"சொல்வார்."

இத்ரீஸ் மாஸ்டரின் முகம் வெளுத்தது. காதில் விழுந்த பிறகும் மாறாத பதிலைத்தான் சொல்லும் என்றாரே, அந்தப் பதில் மற்றதன் காதில் விழுந்ததும் மாறிக்கொண்டே இருந்தது. ஒன்று முடிச்சுப் போட, மற்றது அவிழ்க்க. சொல்வார், மாட்டார், சொல்வார், மாட்டார் என்று வேகம் கூடி, கடைசியில் சொற்கள் தேய்ந்து, நெய் கொதிக்கும் சத்தம்போல ஒரே இரைச்சலாயிற்று. பதினொரு நிமிஷம். நெய்னாவின் கணக்கில் இரண்டு மணி நேரம்.

நெய்னா முதலில் மாலையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டுதான் இருந்தார். பிறகு காதைத் தீட்டினார். இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே? கழுவினேனா, கழுவலையா. மூணா, ரெண்டா. நிய்யத் இருக்கா, இல்லையா. அட, இவை இரண்டும் ஹவுள் கரையில் உட்கார்ந்து ஒளூ செய்கின்றன! கோடிக்கணக்கில் கணக்குப் போடும் இரண்டு மகா இயந்திரங்கள், அத்தர் பூசிக்கொண்டு, நானூறு பேர் பார்க்க, தம்முடைய அறுபத்தாறு வருஷ வியாதியை வாங்கிக்கொண்டு தவிக்கின்றன. வெளியிலிருந்து பார்க்க அது எப்படி இருக்கும் என்று அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினார். அது மூக்கு வழியாக வந்தது.

அப்போது இரைச்சல் நின்றது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். இரண்டு பெட்டியும், ஒன்றுக்கொன்று அரை நொடி கூட முந்தாமல், சேர்ந்து சொன்னன:

"அல்லாஹு அஃலம்."

அல்லாஹ்வே மிக அறிந்தவன். சொல்லிவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டன.

ஹஜரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நாப்பது வருஷமா எந்த மவ்லவி வாயிலயும் இந்த வார்த்தையை நான் மனசார கேட்டதில்லை," என்றார். பிறகு தொண்டையைச் செருமி, மஹர் தொகையைச் சொல்லி, மணமகள் பெயரைச் சொல்லி, கேட்டார். "கபூலா?"

நெய்னா வாயைத் திறந்தார். முன்னால் யாரும் சொல்லி வைக்கவில்லை. எதிர்த்து வீம்பு பண்ணவும் ஆள் இல்லை. நட்டநடுக் கடலில் கரையே தெரியாத இடத்தில் விட்டதுபோல இருந்தது. பயமாக இருந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. நிய்யத்தைப் பார்க்கலாமா என்று பழைய கை ஒன்று உள்ளே உயர்ந்தது.

"என்ன, ஒளூ முறிஞ்சிருச்சா?" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

நெய்னா அடக்கி வைத்திருந்த சிரிப்பு அத்தனையும் வெடித்தது. மாலை குலுங்க, தொப்பி நழுவ, அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, எதையும் சரிபார்க்காமல், "கபூல்! கபூல் செய்தேன்!" என்றார். ஒரே ஒருமுறை கேட்டதற்கு இரண்டுமுறை சொன்னது மட்டும் பழக்கதோஷம்.

மறுநாள் பகல் புது ஜோடியின் வீட்டில் கல்யாண விருந்து. நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஓடிக்கொண்டிருக்க, நெய்னா பதினேழாவது தடவையாகத் தம் பெருமையை ஆரம்பித்தார்.

"ரெண்டு பெட்டி! ஒரே அமர்வுல ஈமான்!"

"ஈமானும் இல்ல ஒண்ணும் இல்ல," என்றார் இத்ரீஸ் மாஸ்டர் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு. "பதில் கிடைக்காட்டி பெட்டி ஒரு வார்த்தை சொல்லும். கம்பெனிக்காரன் அங்க 'பிழை'ன்னு போட்டிருந்தான். பள்ளிவாசல்ல வெச்சுக்கிட்டுப் பிழை பிழைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? மூணு வருஷத்துக்கு முந்தியே நான்தான் அதை அழிச்சிட்டு 'அல்லாஹு அஃலம்'னு மாத்தி எழுதினேன். வடக்கு வாடிப் பெட்டி நம்மளதைக் கேட்டுக் கத்துக்கிச்சு. இவ்வளவுதான் உன் கராமத்து. எல்லாம் நான் எழுதி வெச்சது, மச்சான்."

நெய்னாவின் கையில் கவளம் நின்றது. அவருடைய ஆயுளிலேயே கிடைத்த ஒரே அதிசயத்தை ஒரு வாத்தியார் திருத்திச் சிவப்பு மையால் சுழித்துவிட்டார்.

மிஸ்ரியா தாளிச்சா வாளியோடு நின்றார். "மாஸ்டர் காக்கா, எழுதின இடத்தைக் காட்டுங்க."

"இதுல என்ன இருக்கு, இப்பவே காட்டுறேன்." கையைக் கழுவிவிட்டு மாஸ்டர் போனை எடுத்தார். பெட்டியின் உள்ளறைகளைத் திறந்து திறந்து போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். மறுபடி கழற்றினார். துடைத்தார். பார்த்தார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"மூணு தடவை தொடச்சாச்சு, காக்கா," என்றார் மிஸ்ரியா. "நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பிழைன்னுதான் இருக்கு." மாஸ்டரின் குரல் எங்கேயோ கீழே கேட்டது. "கம்பெனிக்காரன் போட்ட தேதி அப்படியே இருக்கு. மாத்தணும்னு உக்காந்தேன்… அன்னைக்கு அஸருக்கு பாங்கு சொல்லிட்டாக. அப்புறம் பார்த்துக்கலாம்னு எந்திரிச்சுப் போனேன். மாத்திட்டேன்னே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்." தேதியை விரலால் தொட்டு மறுபடி படித்தார். "வடக்கு வாடிப் பெட்டியிலயும் பிழைதான் இருக்கும். அப்ப, நேத்து அந்த ரெண்டும்…"

யாரும் பேசவில்லை. நெய்னா கூடப் பேசவில்லை. அதுவே ஒரு கராமத்து.

இத்ரீஸ் மாஸ்டர் போனைக் கவிழ்த்து வைத்தார். "நடந்தது, மச்சான்," என்றார். "நீ சொன்ன மாதிரியேதான் நடந்திருக்கு."